மதராஸ் அஸ்தமனம்

சங்கு ஊதி முடிந்த பிறகுதான் வெயில் வந்தது.

கரட்டடிப் பள்ளிவாசல் முற்றத்தில் அப்போது நூற்றுச் சொச்சம் பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் வாயிலும் பேரீச்சம்பழம். பாதிப் பேர் கையில் கஞ்சிக் கோப்பை. மூடிப்போன மில் ஒன்றின் ஏலத்தில் வாங்கிய பழைய மோட்டார் சங்கு, 'ஊ'வென்று கிளம்பி, ஏரியாவில் உள்ள நாய்களையெல்லாம் துணைக்கு அழைத்து, மெல்லத் தணிந்து, இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கியது. அந்த நேரம் பார்த்து மேற்கேயிருந்து மஞ்சளாக ஒரு பட்டை வெளிச்சம் வந்து கஞ்சி அண்டாவின் மேல் விழுந்தது. அண்டாவிலிருந்து சுவருக்குப் போனது. சுவரிலிருந்து ஷேக் தாவூதின் முகத்துக்கு வந்தது.

மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டு, மார்ச் இருபத்து மூன்று, திங்கட்கிழமை. பதினேழாம் நோன்பு. ஓசூரில் ஃபாக்டரிகள் முளைத்தபோது கூடவே முளைத்த குடியிருப்பு கரட்டடி. பெயருக்கேற்றபடி பாறைக் கரடு ஒன்றின் கிழக்குப் பக்கம், அதன் காலடியில் இருந்தது. ஐந்தே முக்காலுக்கே சூரியன் கரட்டுக்குப் பின்னால் போய்விடும். அப்புறம் அது எப்போது விழுகிறது என்று கரட்டடியில் ஒருத்தரும் பதினெட்டு வருஷமாகப் பார்த்ததில்லை. பார்க்க அவசியமும் இல்லை. அதற்குத்தான் சங்கு இருந்தது.

போன வருஷம் ஜல்லிக் குவாரிக்காரர்கள் வந்து கரட்டை நடுவில் பிளந்தார்கள். பிளவுக்கு அந்தப் பக்கம் வற்றிய ஏரி. பங்குனி பிறந்து பகலும் இரவும் சரிசமமாகிற நாலைந்து நாள் மட்டும் சூரியன் நேர் மேற்கில், அந்தப் பிளவுக்குள் இறங்கும். அந்த நாலைந்து நாளும் இந்த வருஷம் நோன்பு மாதத்தில் வந்து விழுந்தன.

ஷேக் தாவூத் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேற்கே பார்த்தான். லேத் ஓட்டுகிறவன். எதையும் அளந்து பார்க்காமல் விடமாட்டான்.

"ஜமீர் பாய்! இன்னா இது, இன்னிக்கி சூரியனா, நாளைக்கு வர்றதா?"

நாலு பேர் சிரித்தார்கள். கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தவர் அகப்பையை உயர்த்தி, "தாவூது, அது கர்நாடகாவுக்குப் போற சூரியன்டா. ஜூஜுவாடி செக்போஸ்ட்டுல லேட் ஆயிடுச்சு, விடு," என்றார். இன்னும் பத்துப் பேர் சிரித்தார்கள். வாய்கள் மறுபடி மெல்ல ஆரம்பித்தன.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. சங்கின் சுவிட்சுக்குப் பக்கத்தில், சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே நின்றிருந்த ஜமீர் அகமது. கடிகாரம் ஆறு இருபத்திரண்டு. அவர் அங்கேயே நின்று பிளவையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் தரையோடு ஒட்டிப் போய் அணைந்தபோது கடிகாரம் ஆறு முப்பத்தொன்று.

அன்று அவர் கஞ்சி குடிக்கவில்லை.

ஜமீர் அகமதுவுக்கு வயது ஐம்பத்தாறு. சிப்காட்டில் ஒரு பெரிய ஃபாக்டரியின் டைம் ஆபீசில் வேலை. கேட்டுக்குள் நுழைகிற எண்ணூறு பேரின் அட்டையும் அவர் கண்ணைத் தாண்டித்தான் போகவேண்டும். ஐந்து நிமிஷம் தாமதம் வரை மன்னிப்பு. ஆறாவது நிமிஷம் என்றால் அரை மணிச் சம்பளம் வெட்டு. அவருடைய சொந்தத் தம்பிக்கே வெட்டியிருக்கிறார். அதனால்தான் எழுபத்து நாலில் பள்ளிவாசல் கட்டி முடித்த உடனே ஜமாஅத்தார் எல்லாரும் ஒரே குரலில், 'நேரம் ஜமீர் பாய் கையில இருக்கட்டும்' என்றார்கள். மோதினார் பாங்கு சொல்வார். ஆனால் நோன்பு மாதத்தில் சங்கு ஊதுகிறது ஜமீர் பாய்தான்.

நேரம் வருஷா வருஷம் மதராஸிலிருந்து வரும். பெரிய கனமான வழவழப்புத் தாளில், முப்பது நாளுக்கும் விடியலுக்கு முன் சாப்பிடுகிற சஹர் முடிகிற நேரம், நோன்பு திறக்கிற நேரம். ஜெர்மனியிலிருந்து மிஷின் வந்த பெட்டியின் பலகையை அறுத்து, கண்ணாடி போட்டு, அந்தத் தாளுக்கு ஒரு சட்டம் செய்து வைத்திருந்தார் ஜமீர். கடிகாரத்தில் விநாடி முள் பன்னிரண்டைத் தொடும்போது அவர் விரல் சுவிட்சைத் தொடும். பதினெட்டு வருஷத்தில் கரண்ட் போன நாட்கள் தவிர அவர் விரல் தப்பியதில்லை.

எட்டு கிலோமீட்டரில் இருக்கிற அத்திப்பள்ளிப் பள்ளிவாசலில் பத்து நிமிஷம் கழித்துத்தான் திறக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பக்கத்து ஃபாக்டரிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் வந்து சொல்வார்கள். யாரும் அதை வித்தியாசமாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் விலை வேறு, பஸ் டிக்கெட் வேறு, பிராந்தி விலை வேறு, போர்டில் எழுத்தே வேறு. நேரம் மட்டும் எப்படி ஒன்றாக இருக்கும்? 'அது கர்நாடகா டைம்' என்பார்கள். கரட்டடிக்காரன் ஒருவன் அத்திப்பள்ளியில் மாட்டிக்கொண்டால், 'பாவம், இன்னிக்கி அவனுக்குப் பத்து நிமிஷம் ஜாஸ்தி' என்று பரிதாபப்படுவார்கள்.

ஜமீர் அகமதுவும் பரிதாபப்பட்டிருக்கிறார்.

மறுநாள் காலை ஷிஃப்ட் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. சைக்கிளை விதைப்பண்ணைப் பக்கம் திருப்பினார்.

பண்ணையில் கம்பி வேலி போட்ட ஒரு சதுரம் உண்டு. அதற்குள் காலில் நிற்கிற வெள்ளைப் பெட்டி ஒன்று, மழை அளக்கிற குடுவை ஒன்று, கல் தூணின் மேல் கண்ணாடிக் குண்டு ஒன்று. குண்டுக்குப் பின்னால் தினமும் ஒரு நீல அட்டை செருகுவார்கள். வெயில் குண்டுக்குள் புகுந்து, ஊசிபோலச் சேர்ந்து, அட்டையைக் கருக்கிக்கொண்டே போகும். மேகம் வந்தால் கோடு அறுந்துவிடும். சாயங்காலம் அட்டையை எடுத்துக் கோட்டை அளந்தால் அன்றைக்கு எத்தனை மணி வெயில் என்று தெரியும். இதையெல்லாம் பார்த்து எழுதுகிறவர் திம்மராயன். காலையில் சொந்த நிலத்தில் முட்டைக்கோசுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து, எட்டரைக்குக் குடுவையைத் திறப்பவர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், ஆபீசில் தமிழ்.

"வாங்க பாய்! இன்னா, நோன்புல இவ்ளோ தூரம் மிதிச்சிக்கினு? தண்ணி குடிங்கன்னு சொல்லவும் முடியாது உங்களை."

"திம்மராயண்ணா, ஒரு சந்தேகம். சூரியன் எத்தனை மணிக்கு விழுது?"

திம்மராயன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "எந்த ஊருல?"

ஜமீர் அகமது சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டார். "நம்ம ஊருலதான்."

"ஆறு முப்பத்தொண்ணு."

"நேத்தா?"

"நேத்து, இன்னிக்கி, நாளைக்கி. இந்த மாசம் பூரா அரை நிமிஷம் இப்படி, ஒரு நிமிஷம் அப்படி. இருங்க, காட்டறேன்."

பீரோவிலிருந்து ரிஜிஸ்டர்களை எடுத்து மேஜையில் அடுக்கினார். ஒவ்வொன்றிலும் மார்ச் மாதப் பக்கத்தைத் தேடி எச்சில் தொட்டுப் புரட்டினார். ஜமீர் அகமது குனிந்து பார்த்தார். முத்து முத்தான எழுத்து.

"எழுபத்தாறு, மார்ச்சு இருபத்தி நாலு. மேல் சூடு முப்பத்திமூணு, கீழ் சூடு பதினேழு. மழை இல்ல. எண்பத்திமூணு, அதே தேதி. முப்பத்தாறு புள்ளி ஒண்ணு! அந்த வருஷம் ஏரி பாளம் பாளமா வெடிச்சுதே, ஞாபகம் இருக்கா? எங்க அக்கா வீட்டுல மாட்டை ஓட்டிக்கினு குந்தாரப்பள்ளி சந்தைக்குப் போயி, வாங்க ஆளில்லாம திருப்பி ஓட்டிக்கினு வந்தாங்க. இது எண்பத்தொம்பது. ஒம்போது மில்லி மழை, ஆலங்கட்டி. மாம்பிஞ்சு பூரா கொட்டிப்போச்சு."

"சூரியன், அண்ணா?"

"அது இதோ." கடைசிக் கட்டத்தில் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தது. 6.31. எழுபத்தாறிலும் 6.31. எண்பத்து மூன்றிலும் 6.31. எண்பத்தொன்பதில் மட்டும் 'மேகம், தெரியவில்லை'. "இது ஆபீஸ் கேக்கல. நானா எழுதறது. இந்த அட்டை கடைசி இருவது நிமிஷம் கருகாது பாய். வெயில் இருக்கும், அதுல சூடு இருக்காது. அந்த இருவது நிமிஷம் கணக்குலயே வராது. எனக்கு மனசு கேக்கல. ஏரிக்கரை மேல ஏறி நின்னு, ரேடியோவுல வெச்ச வாட்சைப் பாத்து எழுதிருவேன். வெயில் மாறுது, மழை மாறுது, ஆபீசருங்க மாறுறாங்க. இது மாறல."

ஜமீர் அகமது நாற்காலியில் உட்கார்ந்தார். "எங்க சங்கு உங்களுக்குக் கேக்குமா அண்ணா?" என்றார்.

"கேக்காம? கரையில நிக்கறப்ப தெனம் கேக்கும். நீங்க ஊதுவீங்க, சூரியன் எனக்கு முன்னால ரெண்டு விரக்கடை மேல நிக்கும்."

"சொல்லவேயில்லையே நீங்க!"

திம்மராயன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "நான் எப்படி சாமி சொல்றது? உங்க சாஸ்திரம் உங்களுக்கு. சூரியன் விழறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி திறக்கணும்னு இருக்கும்போலன்னு நெனச்சேன். நீங்க வேற கடிகாரம் மாதிரி கரெக்டா ஊதறீங்க. தப்பு பண்றவன் அவ்ளோ கரெக்டா பண்ணுவானா?"

ஜமீர் அகமது பையிலிருந்து இந்த வருஷத்து நேரங்களைக் குறித்துவைத்த சீட்டை எடுத்துக் காட்டினார். திம்மராயன் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "மதராஸ் அஸ்தமனம் இது," என்றார். "மதராஸ் கடலோரம், கிழக்கே. அங்க மொதல்ல விழும். நமக்கு வந்து சேரப் பத்து நிமிஷம். கீழ போட்டிருப்பானே, ஊர் ஊருக்கு எவ்வளவு கூட்டணும்னு? எங்க பஞ்சாங்கத்துலயே போடறான்."

"எங்க தாள்ல கீழ ஒண்ணும் இல்லியே..." என்று ஆரம்பித்த ஜமீர் அகமது, பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

அன்று மாலை சங்கு ஆறு முப்பத்தொன்றுக்கு ஊதியது. பத்து நிமிஷமும் முற்றத்தில் கசமுசா. என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்கு, "மோட்டார்ல கோளாறு," என்றார் ஜமீர். டைம் ஆபீசில் உட்கார்ந்து பதினெட்டு வருஷமாக மற்றவர்கள் சொல்லக் கேட்ட பொய். இப்போது அவர் வாயிலிருந்து சுலபமாக வந்தது.

புதன்கிழமை காலை, டைம் ஆபீசில் மஸ்டர் ரோல் என்கிற வருகைப் புத்தகத்தைத் திறந்தார். வரிசையாகப் பெயர்கள். வரி தவறாமல் இருக்க, பெயர்களுக்குக் கீழே வைத்து நகர்த்திக்கொண்டே போவதற்கு அவர் ஒரு தாள் பட்டை வைத்திருப்பார். இரண்டு அங்குல அகலம், வழவழப்பு, கனம். வருஷத்துக்கு ஒன்று. சட்டம் செய்யும்போது பலகை போதாமல் இரண்டு அங்குலம் குறைந்துவிட்டது. அதனால் ஒவ்வொரு வருஷமும் தாள் வந்ததும் பிளேடால் அடியில் இரண்டு அங்குலம் நறுக்கிவிட்டுத்தான் கண்ணாடிக்குள் வைப்பார். நல்ல தாளை வீணாக்குவானேன் என்று நறுக்கியதை மஸ்டர் ரோலுக்குக் கொண்டுவந்துவிடுவார். அச்சு கீழே, வெள்ளை மேலே. அப்போதுதான் கண்ணை உறுத்தாது.

பட்டையைத் திருப்பினார்.

'சென்னை நேரத்துடன் கூட்டிக்கொள்ள வேண்டிய நிமிடங்கள்: காஞ்சிபுரம் 2, வேலூர் 5, ஆம்பூர் 6, திருப்பத்தூர் 7, கிருஷ்ணகிரி 8, ஓசூர் 10.'

வெளியே ஷிஃப்ட் மணி அடித்தது. ஆறு நிமிஷம் பிந்தி ஓடிவந்த ஒருவன் அட்டையை நீட்டிக்கொண்டு நின்றான். ஜமீர் அகமது அதை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "போ," என்றார். அவன் நம்பாமல் நின்றான். "போடா, போய் மிஷின்ல நில்லு!"

பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற முத்தவல்லி நூர் முகமதுவுக்குக் கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை. பங்குனியில் ஆலை ஓடாது. காலி டின்களும் ஈக்களும்தான் இருக்கும். அவர் தோப்பு தோப்பாகப் பிஞ்சு பார்த்துக்கொண்டு திரிகிற காலம். வாரத்தில் ஒரு நாள் ஓசூருக்கு வந்து பள்ளிவாசல் காரியங்களைப் பார்ப்பார். புதன்கிழமை பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு, கைகால் கழுவுகிற ஹவுஸ் தொட்டி ஓரமாக ஜமீர் அகமது அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். பட்டையையும் காட்டினார். வாணியம்பாடியிலிருந்து வந்திருந்த இளவயது இமாம் ஹஜ்ரத்தும் கூட நின்றார்.

நூர் முகமது பட்டையைப் படித்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்தார். "ஹஜ்ரத், சட்டம் என்ன?"

"சூரியன் விழுந்திருச்சுன்னு நெனச்சுத் திறந்துட்டா, குற்றப் பரிகாரம் இல்ல. ஆனா அந்த நோன்பு கூடலை. பதிலுக்கு ஒண்ணு வெக்கணும். களா."

"எத்தனை?"

"வருஷத்துக்கு முப்பதுன்னா, பதினெட்டு வருஷம், ஐந்நூத்தி நாப்பது."

"ஒரு ஆளுக்கா!"

"ஒரு ஆளுக்கு."

"சூரியன் விழுந்தப்பறம் தொழற தொழுகை?"

ஹஜ்ரத் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. "அது தப்பிச்சிருச்சு. கஞ்சி குடிச்சு, வடை தின்னு, கை கழுவி வரிசையில நிக்கறதுக்குள்ள எப்பவும் கால் மணி நேரம் ஆயிடுது நம்ம ஆளுங்களுக்கு."

நூர் முகமதுவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜமீர் அகமதுவின் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போனார். "ஜமீர், கேளு. நேரத்தை மாத்திட்டே, நல்லது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுல நான் சொல்லிடறேன். மதராஸ்லேர்ந்து வந்த பேப்பர் தப்பு, அச்சுல விட்டுட்டாங்க, இனிமே திருத்திக்கறோம், பழசுக்குக் களா உண்டுன்னு. முடிஞ்சது. இந்தப் பட்டை கதை எதுக்கு?"

"அச்சுல இருந்துச்சே, நூர் பாய்."

"யாருக்குத் தெரியும்? உனக்கு, எனக்கு, ஹஜ்ரத்துக்கு. பதினெட்டு வருஷம் ஊர் உன்னை நம்பிச்சு. இப்ப நீயே போய் பிளேடால அறுத்துட்டேன்னு சொன்னா, நாளைக்கி ரோட்டுல நடக்க முடியுமா? ஃபாக்டரியில எத்தனை பேருக்கு அரை மணி வெட்டியிருக்கே? எல்லாவனும் காத்துக்கிட்டிருக்கான். சும்மா இரு. உன் நல்லதுக்குச் சொல்றேன்."

அவர் கெட்டவர் இல்லை. உண்மையாகவே ஜமீரின் நல்லதுக்குத்தான் சொன்னார். அதுதான் கஷ்டம்.

முனவர் பேகம் வியாழக்கிழமை பகல் முழுக்கப் புருஷனைக் கவனித்துக்கொண்டிருந்தாள். லீவு போட்டுவிட்டு அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷத்தில் அப்படி ஒரு நாளை அவள் பார்த்ததில்லை. அவள் உளுந்து ஆட்டினாள், வெங்காயம் அரிந்தாள், பின்பக்க லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிற ஏழு பிரம்மச்சாரித் தொழிலாளிகளுக்கும் சேர்த்து வடைக்கு மாவு கலந்தாள். நாலு மணிக்கு அவரே வாயைத் திறந்தார். சொன்னார்.

அவள் கை மாவிலேயே இருந்தது. "ஏங்க, நெசமாவே பார்க்கலியா அடியில என்ன போட்டிருக்குன்னு?"

"பார்க்கலே. சட்டத்துல அடங்கலே. அறுத்தேன்."

"ம்." மாவை ஒரு தடவை அடித்தாள். "அந்தச் சட்டத்தை வேற பலகை வாங்கிப் பெருசா செஞ்சிருக்கலாம்."

"இப்ப சொல்லு!"

"இப்பதானே எனக்குத் தெரியும். நீங்க எதை அறுக்கறீங்கன்னு நான் பின்னாலயே வந்து பார்த்துக்கினா இருக்க முடியும்?"

அவர் தொப்பியைக் கழற்றி மடித்தார். பிறகு, "நூர் பாய் சொல்றதைச் செஞ்சுட்டா சங்கு என்கிட்டயே இருக்கும்," என்றார். "சொல்லிட்டேன்னா போயிடும். மரியாதையும் போயிடும். ஐந்நூத்தி நாப்பது நோன்பு, முனவர். ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு தடவை பசியில இருக்கறப்ப என் பேரைச் சொல்லுவான்."

"சொல்லட்டுமே. ஆம்பளைங்களுக்குப் புதுசு, அதான் பெருசாத் தெரியுது. நாங்க பொம்பளைங்க வருஷா வருஷம் ஏழெட்டு நாள் விட்டுட்டு, பெருநாள் முடிஞ்சப்பறம் ஒண்ணொண்ணா வெச்சுத் தீர்க்கறமே. யாராவது வந்து கேட்டீங்களா, தீர்ந்துச்சான்னு? உங்க தம்பி பொண்டாட்டி அதியா மாசமா இருந்த வருஷம் அவளுக்கு முப்பதும் களா. தை மாசப் பனியில அவ தனியா வெச்சுத் தீர்த்தா. செத்தா போயிட்டா?"

"அப்ப சொல்லிடச் சொல்றியா?"

"நான் ஒண்ணும் சொல்லச் சொல்லலே. நூர் பாய் மதராஸ்காரன் மேல பழியப் போட்டா, அச்சடிச்சவன் சும்மா கெட்ட பேரு வாங்கிக்குவான். அவன் ஒழுங்காத்தானே அடிச்சான், பாவம்." அடுப்பைப் பற்றவைக்க எழுந்தாள். "போய் முகத்தைக் கழுவுங்க. எண்ணெய் காயப் போறேன், இங்க உக்காந்தா தெறிக்கும்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் நூர் முகமது எழுந்தார். தொண்டையைக் கனைத்தார். "ஒரு அறிவிப்பு. மதராஸ்லேர்ந்து வர்ற நேரத் தாள்ல..."

"நான் சொல்றேன்," என்று மூன்றாவது வரிசையிலிருந்து ஜமீர் அகமது எழுந்தார்.

நூர் முகமது அவரைப் பார்த்தார். கண்ணால் வேண்டாம் என்றார். அப்புறம் உட்கார்ந்துவிட்டார்.

ஜமீர் அகமது அதிகம் பேசவில்லை. மஸ்டர் ரோல் படிக்கிற குரலிலேயே சொன்னார். தாள் சரி, கடிகாரம் சரி, மதராஸ் நேரத்தோடு பத்து நிமிஷம் கூட்டவேண்டும் என்று அடியில் போட்டிருந்தது, சட்டத்தில் அடங்கவில்லை என்று பதினெட்டு வருஷமும் நான்தான் அறுத்தேன், படித்துப் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை மோட்டாரில் கோளாறு என்று சொன்னதும் பொய். ஹஜ்ரத் களா என்கிறார். என்னை மன்னிக்கணும்.

பட்டையை உயர்த்திக் காட்டிவிட்டு உட்கார்ந்தார்.

முதலில் பின்னாலிருந்து ஒரு வயசான குரல்: "எங்க அண்ணன் போன வருஷம் மௌத்தாயிட்டாரே. அவரு எப்படிப்பா களா வெப்பாரு?"

ஹஜ்ரத் ஏதோ சொல்ல எழுந்தார். அதற்குள் நாலு பக்கமும் பேச்சு கிளம்பிவிட்டது. "அத்திப்பள்ளிக்காரன் நம்மளைப் பார்த்து சிரிச்சிருக்கான்யா இத்தனை வருஷம்!" "கர்நாடகா டைம், கர்நாடகா டைம்னு சொன்னீங்களே, இப்ப யாரு டைமு கெட்டுது?" "ஐந்நூத்தி நாப்பதா? எனக்கு சுகர்யா!"

ஷேக் தாவூத் எழுந்து நின்றான். எல்லாரும் அடங்கினார்கள். அவன் என்ன சொல்லப்போகிறான் என்று எல்லாருக்கும் தெரியும்போல இருந்தது.

"ஜமீர் பாய். போன ஆடி மாசம் எங்க வீட்டுல பிரசவம். ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா வந்தேன். பத்து நிமிஷம் லேட்டு. கெஞ்சினேன். நேரம்னா நேரம்தான்னு சொல்லி அரை மணி வெட்டினீங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"இப்ப உங்களுக்கு என்ன வெட்டறது?"

ஜமீர் அகமது இடுப்பிலிருந்து சங்கு சுவிட்சுப் பெட்டியின் சாவியை எடுத்து முன்னால் தரையில் வைத்தார். யாரும் எடுக்கவில்லை. நூர் முகமது கூடப் பார்வையை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு நிமிஷம் கழித்து ஷேக் தாவூதே வந்து குனிந்து எடுத்தான். அவனுக்கே அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

மீதி ஒன்பது நாளும் சங்கை அவன்தான் ஊதினான். நிமிஷம் தப்பாமல் ஊதினான்.

பெருநாள் முடிந்து நாலாம் நாள். சித்திரை இன்னும் பிறக்கவில்லை, வெயில் பிறந்துவிட்டது. ஜமீர் அகமது தன் முதல் களா நோன்பை வைத்தார். வாரத்துக்கு இரண்டு, திங்களும் வியாழனும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஐந்து வருஷத்துக்கு மேல் இழுக்கும். உயிர் இருந்தால் அறுபத்திரண்டு வயதில் தீரும். கரட்டடியில் இன்னும் முப்பது, நாற்பது பேர் ஆரம்பித்திருந்தார்கள். பாக்கிப் பேர் யோசித்துக்கொண்டிருந்தார்கள். தெருவில் எதிர்ப்படும்போது சிலர் சலாம் சொன்னார்கள். சிலர் செருப்பைச் சரிசெய்தார்கள்.

மதியம் பன்னிரண்டரைக்கு வாய் உலர்ந்து, கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ரமலானில் ஊரே பட்டினி கிடக்கும்போது பசி தெரியாது. தனியாக இருப்பது வேறு விஷயம். தெருவில் யாரோ கடலை வறுக்கிற வாசனைகூட வந்து மூக்கைத் தேடியது.

முனவர் பேகம் தட்டோடு வந்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். தட்டில் உருண்டையாக ராகிக் களி, ஆவி பறந்தது. நடுவில் குழி பண்ணி அவரைக்காய்க் குழம்பு.

"நீ இன்னிக்கி வெக்கலியா?" என்றார் ஜமீர்.

"எதை?"

"களாவை. உனக்கும் ஐந்நூத்தி நாப்பது இருக்கே."

"எனக்கு எதுக்கு?" களியை ஒரு விள்ளல் கிள்ளினாள். "சங்கு ஊதினா வாசப்படியில ஏழு பேரு தட்டோட நிப்பானுங்க. எண்ணெய்ச் சட்டியில வடை கெடக்கும். அதை எடுத்து, அவனுங்களுக்குப் போட்டு, கஞ்சி ஊத்தி, பத்தலைன்னவனுக்கு மறுக்கா ஊத்தி, அடுப்பை அணைச்சிட்டு நான் ஒரு மொடக்கு தண்ணிய வாயில வெக்கறப்ப, நீங்க தொழுதுட்டு வந்து செருப்பக் கழட்டிக்கினு இருப்பீங்க. மணி ஆறே முக்கால், ஏழு."

"பதினெட்டு வருஷமாவா?"

"முன்ன நம்ம பசங்க. அப்பறம் உங்க தம்பிங்க. இப்ப லைன் வீட்டுப் பசங்க. ஆளுதான் மாறிச்சு."

"உடனே திறக்கணும்னு தெரியாதா உனக்கு? அதுதானே நன்மை? ஒரு பேரீச்சம்பழமாவது..."

"கை பூரா மாவு."

எண்ணூறு பேர் உள்ளே வருகிற நேரமும் வெளியே போகிற நேரமும் நிமிஷச் சுத்தமாகத் தெரிந்து வைத்திருந்தவர் ஜமீர் அகமது. தன் வீட்டில் ஒருத்தி எத்தனை மணிக்குத் தண்ணீர் குடிக்கிறாள் என்று அவரிடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீங்க கேட்டீங்களா?" அவள் குரலில் கோபம் எதுவும் இல்லை. விள்ளலைக் குழம்பில் தோய்த்து, அவர் முகத்துக்கு நேராகவே வாயில் போட்டு விழுங்கினாள். கண்ணை மூடி நாக்கைச் சப்புக்கொட்டினாள். இன்னொரு விள்ளல் எடுத்தாள்.

அவர் எச்சிலைக் கூட விழுங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழம்பு எப்படி இருக்கு?" என்றார் கடைசியில்.

"நல்லா இருக்கு. நோன்பு மாசத்துல உப்புப் பார்க்காமலே வெச்சு வெச்சு கையே மரத்துப் போச்சு." தட்டைக் கொஞ்சம் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். "இன்னிக்கித்தான் உப்புப் பார்த்து எறக்கினேன்."